எதிராளி பேசும் பக்கம்

(வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



கொரிய மொழியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது, இலக்கியமா இலக்கணமா என்று விசாரித்தேன். “ரெண்டும் வேண்டாம் சார், எந்தப் புத்தகம் வாங்கலாம்னு சொன்னாப் போதும்” என்றார்கள். அடக்கமான கேள்வி போலத் தெரிகிறது. ஆனால் ‘முப்பது நாளில்’ என்று தொடங்கும் அட்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எந்த மொழியையும் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை நம் ரத்தத்தில் இருக்கிறது. அதனால் இந்தக் கேள்விக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது தகும்.

நான் பேசப்போவது பாடநூலைப் பற்றியல்ல, பேச்சுக் கையேட்டைப் பற்றி. வழி கேட்பது, விலை கேட்பது, சாப்பாடு கேட்பது, மருத்துவரிடம் வலியைச் சொல்வது என்று ஆயத்த வாக்கியங்களைப் பிரித்து அடுக்கித் தரும் சட்டைப்பை அளவுப் புத்தகம். கடையில் அதைக் கையில் எடுத்ததும் நாம் என்ன பார்க்கிறோம்? அட்டையில் எத்தனை ஆயிரம் வாக்கியம் என்று போட்டிருக்கிறது, அதைப் பார்க்கிறோம். என் அபிப்பிராயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், தூக்கம் வருபவர்கள் பிறகு தூங்கலாம்: நீங்கள் சொல்லப்போகும் வாக்கியங்களை வைத்துப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களிடம் சொல்லப்போகும் வாக்கியங்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சோல் நகரத்தில் ஒரு கடைக்குள் போகிறீர்கள். ஒரு பொருளைத் தூக்கிக் காட்டி, “ஒல்மாயெயோ?” என்கிறீர்கள். எவ்வளவு என்று பொருள். உலகத்தில் உள்ள எல்லாக் கொரியக் கையேட்டிலும் இந்த வாக்கியம் இருக்கும், நீங்களும் அழகாகவே சொல்லிவிட்டீர்கள். கடைக்காரருக்கு மகிழ்ச்சி. நமக்கு மொழி தெரியும் என்று நினைத்து, தன் இயல்பான வேகத்தில், “மன் இச்சொன் ஓபேக் வொன்” என்கிறார். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. அதை நீங்கள் பிடிப்பதற்குள் “போங்த்து பிரியோஹசெயோ?” என்று ஒன்று வருகிறது. பை வேண்டுமா என்கிறார். பணம் கொடுத்ததும் “யொங்சுஜுங் துரில்க்காயோ?” ரசீது தரவா என்கிறார். நீங்கள் கேட்டது ஒரு கேள்வி, உங்கள் மேல் விழுந்தது மூன்று வாக்கியம். காபிக் கடையில் “துஷிகோ கசெயோ?” என்பார்கள்: இங்கேயே குடிக்கிறீர்களா? இல்லையென்றால் ‘போஜாங்’, பொட்டலம். இவையெல்லாம் அந்த ஊரில் கால் வைத்த முதல் நாளே காதில் விழுகிறவை. கையேட்டில் இவற்றைத் தேடினால் பல சமயம் கிடைக்காது. காரணம், கையேடு எழுதுகிறவர் பயணியின் வாய்க்குள் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறார்.

உணவகத்து வாசலில் நடப்பது இன்னும் சுவையானது. உள்ளே நுழைந்ததும் “ம்யொத் புனிசெயோ?” என்று கேட்பார்கள். எத்தனை பேர் என்று கேள்வி. ‘புன்’ என்பது ஆட்களை மரியாதையாக எண்ணும் சொல். நம் ஊரில் குழந்தை பேசக் கற்பதுபோல அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லி, “இரண்டு புன்” என்று நீங்கள் சொன்னால் உங்களுக்கு நீங்களே மாலை போட்டுக்கொண்டது மாதிரி ஆகிவிடும். அவர் உங்களைப் ‘புன்’ என்று எண்ணுவார். நீங்கள் உங்களை ‘ம்யொங்’ என்று எண்ண வேண்டும்: “து ம்யொங்.” கேள்வியும் பதிலும் வெவ்வேறு சொல்லில் நடக்கிற மொழி இது. ஒரு பக்கத்தை மட்டும் அச்சிட்ட புத்தகம் பாதி விலைக்குக் கூடப் பெறாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இது ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த யோசனை அல்ல. கொரியர்களே அறுநூறு, எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் செய்து காட்டியது. ‘நோகொல்தே’ என்று ஒரு நூல். கொரியர்கள் சீனப் பேச்சு கற்பதற்காக 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுந்தது. கதை இதுதான்: கொரிய வணிகர்கள் சிலர் குதிரை, ஜின்செங் வேர், நார்த்துணி எல்லாம் ஏற்றிக்கொண்டு, இன்றைய பெய்ஜிங் இருக்கும் இடத்தில் இருந்த யுவான் அரசின் தலைநகரத்துக்குப் போகிறார்கள். வழியில் ஒரு சீன வணிகர் சேர்ந்துகொள்கிறார். எங்கிருந்து வருகிறீர்கள், எப்போது புறப்பட்டீர்கள், இவ்வளவு நன்றாக எங்கள் பேச்சை எங்கே படித்தீர்கள் என்று அவர் கேட்கிறார், இவர்கள் பதில் சொல்கிறார்கள். சத்திரக்காரரிடம் குதிரைக்குத் தீனி கேட்பது, கிணற்றில் நீர் இறைப்பது, இரவில் திருடர் பயம், சந்தையில் தரகரோடு பேரம், உடம்புக்கு முடியாமல் போய் வைத்தியர் வருவது என்று எல்லாம் உரையாடலாகவே ஓடுகிறது. விற்பவனும் பேசுகிறான், வாங்குபவனும் பேசுகிறான். தனி வாக்கியங்களின் பட்டியல் என்று ஒன்று கிடையாது.

கொரியாவின் ஜோசொன் அரசில் மொழிபெயர்ப்பாளர்களுக்கென்றே ‘சயொக்வொன்’ என்ற அலுவலகம் இருந்தது. நோகொல்தே அங்கே பாடநூல். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சே செஜின் என்ற அறிஞர் அதைக் கொரிய எழுத்தில் உச்சரிப்பும் பொருளும் சேர்த்துப் பதிப்பித்தார். அவர் செய்த வேலையைக் கேளுங்கள். ஒவ்வொரு சீன எழுத்துக்கும் கீழே இரண்டு உச்சரிப்பு போட்டார். இடப்பக்கம் நூல்வழி வந்த உச்சரிப்பு, வலப்பக்கம் அவர் காலத்தில் ஆட்கள் வாயில் வழங்கிய உச்சரிப்பு. படிப்பது வேறு, கேட்பது வேறு என்று புரிந்த ஆசிரியர். அவருக்கு முன்னும் பின்னும் சீனப் பேச்சு மாற மாற நூலையும் மாற்றினார்கள். 1483-இல் ஒரு திருத்தம், 18-ஆம் நூற்றாண்டில் மறுபடியும் திருத்தங்கள், 1795-இல் ஒரு புதிய பதிப்பு. ஒரு பேச்சுக் கையேட்டுக்கு வயது ஆகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கிற கொரியக் கையேடுகளில் பயணக் காசோலை மாற்றுவதற்கும், படச்சுருள் கழுவுவதற்கும், தொலைபேசி அட்டை வாங்குவதற்கும் பக்கம் பக்கமாக வாக்கியம் இருக்கிறது. பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்கும் சேர்த்துப் பயன்படுகிற டி-மணி அட்டையில் பணம் ஏற்றுவது எப்படி என்று ஒரு வரி இருக்காது.

புத்தகத்தின் வயதைக் கண்டுபிடிக்க முதல் பக்கத்தைக் கூடப் பார்க்க வேண்டாம். ஊர்ப் பெயர்களைப் பார்த்தால் போதும். கொரியத்தை ஆங்கில எழுத்தில் எழுத 1937-இல் மெக்கூன், ரைஷவர் என்ற இருவர் ஒரு முறை வகுத்தார்கள். அதில் எழுத்துகளின் தலையில் பிறை இருக்கும், பக்கத்தில் மேற்கோள் குறி ஒன்று தொங்கும். தட்டச்சில் பிறையும் குறியும் உதிர்ந்துபோக, வேறு வேறு ஒலிகள் ஒன்றாகக் கலந்தன. 2000-ஆம் ஆண்டில் தென் கொரிய அரசு புதிய முறையைக் கொண்டுவந்தது. அதுவரை ஆங்கிலத்தில் P எழுத்தில் தொடங்கிய பூசான், பம்பாய்க்கு எழுதும் முதலெழுத்துக்கு, B-க்கு மாறியது. ‘கே’யில் தொடங்கிய கிம்போ விமான நிலையம் ‘ஜி’க்கு மாறியது. பூசான் திரைப்பட விழா கூட 2011-இல் தன் முதலெழுத்தை மாற்றிக்கொண்டது. கையில் இருக்கும் புத்தகம் பழைய எழுத்தில் இருந்தால் அது 2000-க்கு முந்தியது, அல்லது முந்தியதைப் பார்த்து எழுதியது.

புதிய முறை வந்ததால் தொல்லை தீர்ந்ததா என்றால், இல்லை. நம் தொல்லை ஆங்கில எழுத்துதான். ‘இ-ஓ’ என்று இரண்டு எழுத்தைச் சேர்த்துப் போட்டு ஒரு உயிரைக் குறிக்கிறார்கள். அது நம் ‘ஒ’வுக்குப் பக்கத்தில், உதடு குவியாமல் வருவது. நாம் அதை ‘இயோ’ என்று படிக்கிறோம். சியோல் என்ற உச்சரிப்பு அப்படி வந்ததுதான். ‘இ-யூ’ என்று இன்னொன்று. அதை ‘யூ’ என்று வாசித்துவிடுகிறோம். இத்தனைக்கும் அந்த ஒலி நம் வீட்டிலேயே இருக்கிறது. ‘பாட்டு’, ‘காது’ என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் கழன்று விழுகிறதே, அந்தக் குற்றியலுகரத்துக்கு மிக நெருக்கமான உயிர் அது. ஆங்கிலேயர் அதற்காகப் படாத பாடு படுவார். நீங்கள் ஒரு நொடியில் சொல்லிவிடலாம், யாராவது அதைச் சொல்லிக்கொடுத்தால். ஆங்கிலேயருக்காக எழுதிய கையேடு சொல்லிக்கொடுக்காது.

சரி, தமிழ் எழுத்திலேயே உச்சரிப்பு போட்ட புத்தகம் வந்தால் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் அதையும் முழுதாக நம்பக் கூடாது. கொரியத்தில் வல்லொலிகள் மூன்று மூன்றாக வருகின்றன: சாதாரணமானது, மூச்சு சேர்ந்தது, தொண்டையை இறுக்கிச் சொல்வது. ‘தல்’ என்பதைச் சாதாரணமாகச் சொன்னால் நிலா, மூச்சோடு சொன்னால் முகமூடி, இறுக்கிச் சொன்னால் மகள். தமிழில் மூன்றையும் ‘த’ என்றுதான் எழுத முடியும். நாம் சொல்லின் முதலில் மூச்சே விடாமல் சொல்லும் வல்லினம் கொரியர் காதில் பெரும்பாலும் இறுக்க ஒலியாக விழும். நிலா நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னதை அவர் தன் மகளைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் பழி என் மேல் வரக் கூடாது. ‘ஒ’, ‘ஓ’ என்று நான் இங்கே பிரித்துச் சொல்வதும் தோராயமான ஏற்பாடுதான்.

இதில் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. ‘பம்பரம்’ என்கிறோம். முதல் ப வேறு ஒலி, இரண்டாவது ப வேறு ஒலி, எழுத்து ஒன்றுதான். இடம் பார்த்து ஒலி மாறும் என்பது நமக்குத் தன்னால் தெரியும். கொரிய எழுத்தும் இதையே செய்கிறது. அசட்டுக்கு அவர்கள் சொல்லும் ‘பாபோ’வில் இரண்டு இடத்திலும் ஒரே எழுத்து. முதலில் வல்லோசை, நடுவில் மெல்லிய ஓசை. ஆங்கில முறைகள் ‘ஜி’யா ‘கே’யா என்று அறுபது ஆண்டுகளாகச் சண்டை போட்டதற்குக் காரணமே இதுதான். தமிழ் படித்தவருக்கு அது ஒரு சண்டையாகவே தோன்றாது.

அதனால் என் பேச்சில் இரண்டாவது பிடிவாதம் இது: ஒவ்வொரு வாக்கியமும் ஹங்குல் என்ற கொரிய எழுத்தில், கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவில் அச்சாகியிருக்க வேண்டும். எங்கோ பின்னிணைப்பில் ஒரு எழுத்து அட்டவணையைப் போட்டுவிட்டு, உள்ளே ஆங்கில எழுத்து மட்டும் தருகிற புத்தகத்தைக் கீழே வைத்துவிடுங்கள். மன்னர் செஜோங் இந்த எழுத்தை 1443-இல் வகுத்து, 1446-இல் மக்களுக்கு வெளியிட்டார். அன்று 28 எழுத்து, இன்று அடிப்படை எழுத்து 24. அந்த வெளியீட்டு நூலுக்குப் பின்னுரை எழுதிய ஜொங் இன்ஜி, மந்தமானவர்கள் கூடப் பத்து நாளில் கற்றுவிடலாம் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். அரசவைப் புலவர் மன்னரைப் புகழ்கிறார் என்று நாம் கழித்துக்கொண்டு பார்த்தாலும், அது மிகைக் கூற்று அல்ல. ககர ஒலியின் எழுத்து, நாவின் அடி தொண்டையை அடைக்கும் வடிவம். நகர ஒலிக்கு நாநுனி மேலே தொடும் வடிவம். மகரத்துக்கு வாய். மூச்சு சேர்ந்தால் ஒரு கோடு கூடும், இறுக்க ஒலியென்றால் எழுத்து இரட்டிக்கும். தொல்காப்பியத்தில் பிறப்பியல் படித்தவர்கள், நம் முன்னோர் வரிகளில் விளக்கியதை இவர்கள் படமாக வரைந்துவிட்டார்களே என்று கொஞ்சம் பொறாமைப்படலாம். இந்த எழுத்து தெரிந்தால் மூன்று ‘தல்’லும் கண்ணுக்கு மூன்றாகத் தெரியும். உணவகப் பலகையையும் ரயில் நிலையப் பலகையையும் படிக்கலாம்.

படித்தாலும் ஒரு சிக்கல் பாக்கி. எழுத்துகள் ஒன்றையொன்று தொடும்போது ஒலி மாறும். சோலின் பழைய கடைத்தெருவை ‘ஜோங்ரோ’ என்று எழுதி ‘ஜோங்னோ’ என்று சொல்வார்கள். நன்றி சொல்லும் ‘கம்சாஹம்னிதா’வில் ‘ம்’ இருக்கும் இடத்தில் எழுத்தில் ‘ப்’தான் இருக்கிறது. சொல்லும் மாலையும் சேர்ந்து சொன்மாலை ஆவதைப் பள்ளியில் படித்த நமக்கு இது அதிர்ச்சி தராது. ஆனால் புத்தகம் ஒலியை எழுதியிருக்கிறதா, எழுத்தை எழுதியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். நன்றி சொல்லும் பக்கத்தைத் திருப்பி, ‘ப்’ என்று போட்டிருந்தால் அந்த உச்சரிப்பு வரிசையை நம்பாதீர்கள். ஒலிப்பதிவும் கட்டாயம் வேண்டும், அது இன்னொரு காரணத்துக்காக. ‘கயோ’ என்ற ஒரே சொல், குரலை ஏற்றினால் ‘போகிறீர்களா?’, இறக்கினால் ‘போகிறேன்’, இழுத்தால் ‘வாருங்கள் போகலாம்’. அச்சு மை இதைக் காட்டாது.

அடுத்தது மரியாதை. கடையில் நின்றபடியே ஒரு சோதனை செய்யலாம். புத்தகத்தில் ‘நீங்கள்’ என்பதற்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘தாங்ஷின்’ என்று எழுதி, வேறொன்றும் சொல்லாமல் விட்டிருந்தால், அதை எழுதியவர் அகராதியை வைத்து எழுதியிருக்கிறார். கணவன் மனைவி தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் சொல் அது, விளம்பரங்களில் வரும், தெருவில் சண்டை பிடிக்கும்போதும் வரும். முன்பின் தெரியாதவரிடம் சொன்னால் வம்பு. கொரியர்கள் பெரும்பாலும் முன்னிலைப் பெயரையே சொல்ல மாட்டார்கள். ஆசிரியரா, ‘சொன்செங்னிம்’. கடை முதலாளியா, ‘சஜாங்னிம்’. எளிய சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் அம்மாளை ‘இமோ’ என்று கூப்பிடுவார்கள், தாயின் சகோதரி, நம் சித்தி பெரியம்மா. பேருந்தில் முன்பின் தெரியாதவரை அண்ணா, அக்கா என்று அழைத்துப் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபடும். ஆனால் தமிழ்க் காது இருக்கிறது என்ற தைரியத்தில் யாரையும் நடுத்தர வயதுப் பெண்ணைக் குறிக்கும் ‘அஜும்மா’ என்ற சொல்லால் அழைத்துவிடாதீர்கள். அந்த வயது தனக்கு இன்னும் ஆகவில்லை என்று நினைக்கும் பெண்கள் அங்கேயும் நிறைய.

தொடர் பார்த்துக் கொரியம் கற்ற பிள்ளைகளிடம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். திரையில் நண்பர்களும் காதலர்களும் பேசிக்கொள்வது ‘பன்மல்’, நம் வாடா போடா போல. அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் குடியேற்ற அதிகாரியிடம் பேச முடியாது. நல்ல கையேடு ‘யோ’வில் முடியும் நடுத்தர மரியாதையை அடிப்படையாக வைத்திருக்கும். அறிவிப்பிலும் அலுவலகத்திலும் காதில் விழும் ‘ம்னிதா’ முடிவை அடையாளம் காணச் சொல்லிக்கொடுக்கும். பன்மல் வாக்கியங்களை ஒரு சின்ன அத்தியாயத்தில் எச்சரிக்கையோடு வைத்திருக்கும்.

எண்களைப் பற்றி. கொரியத்தில் எண் வரிசை இரண்டு: சொந்த எண்கள் ஒன்று, சீன வழி வந்தவை மற்றொன்று. மூன்றேகால் மணி என்றால் மணிக்குச் சொந்த எண், நிமிடத்துக்குச் சீன எண்: “செ ஷி ஷிபோ புன்.” விலை சீன எண்ணில், காபிக் கோப்பைகள் சொந்த எண்ணில். இரண்டு வரிசையையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டுவிட்டு எது எங்கே என்று சொல்லாத புத்தகங்கள் உண்டு. பெரிய தொகைகளைப் பத்தாயிரத்தால் எண்ணுகிறார்கள், அதுதான் ‘மன்’. ஆங்கிலப் புத்தகங்கள் இதை மில்லியனோடு ஒட்டிப் படுத்துகிற பாட்டை நாம் பட வேண்டாம். பத்து மன் ஒரு லட்சம், ஆயிரம் மன் ஒரு கோடி. பத்தாயிரம் வொன் தாளில் இருக்கும் படமும் நாம் இப்போது பேசிய செஜோங்தான், நினைவு வைத்துக்கொள்ள வசதி.

சைவம் சாப்பிடுபவர்கள் உணவு அத்தியாயத்தைக் கடையிலேயே முழுக்கப் படித்துவிட வேண்டும். ‘நான் மாமிசம் சாப்பிட மாட்டேன்’ என்று ஒரு வாக்கியம் இருக்கும். அதை நம்பிப் போனால் இறைச்சி இல்லாத, நெத்திலிக் கருவாடு கொதித்த சாற்றில் வெந்த காய்கறி வந்து சேரும். சமைத்தவர் பொய் சொல்லவில்லை. ‘கோகி’ என்றால் அவர் மனதில் இருப்பது ஆடு மாடு பன்றி கோழி. நெத்திலிச் சாறு ‘ம்யொல்ச்சி யுக்சு’, மீன் இறால் ஊறிய உப்புக்குழம்பு ‘ஜொத்கல்’. இரண்டாவது பெரும்பாலான கிம்ச்சியில் இருக்கும். பொருளின் பெயரைச் சொல்லி, “பே ஜுசெயோ”, எடுத்துவிட்டுத் தாருங்கள் என்று கேட்கக் கற்றுத்தருகிற புத்தகம் வேண்டும். புத்த மடங்களின் சமையலான ‘சச்சல் உம்ஷிக்’ என்ற பெயரும் அதில் இருந்தால் பிழைத்தீர்கள்.

இனி, நமக்கென்று தனியாக ஒரு வசதி. ஆங்கிலத்தில் ‘உன்னிடம் தண்ணீர் உள்ளதா’ என்பதற்கு ஒரு வாக்கிய அமைப்பு. கொரியத்தில் “முல் இஸ்ஸொயோ?” முல் தண்ணீர், இஸ்ஸொயோ இருக்கா. “தண்ணி இருக்கா?” அவ்வளவுதான். இல்லையென்றால் “ஒப்ஸொயோ”, இல்லை. “ஹாக்க்யோ-எ கயோ” என்றால் பள்ளிக்குப் போகிறேன். வேற்றுமை உருபு ஒட்டுகிற இடம், வினை வந்து நிற்கிற கடைசி இடம் எல்லாம் நம் வரிசை. ஆங்கில வழிக் கையேடு முழு வாக்கியத்துக்கு முழு மொழிபெயர்ப்பைப் போட்டு இந்த ஒற்றுமையை மூடிவிடுகிறது. ஆகவே சொல்லுக்குச் சொல் பொருள் தரும் கையேடு கிடைத்தால் விடாதீர்கள். ஆங்கிலம் படித்தவர்களுக்கான முதல் கொரியப் பாடநூலே அப்படித்தான் இருந்தது. ஜான் ராஸ் என்ற ஸ்காட்லாந்து மதகுரு மஞ்சூரியாவில் இருந்தபடி, உய்ஜு ஊர்க்காரர் ஒருவரைத் துணையாக வைத்து எழுதி, 1877-இல் ஷாங்காயில் அச்சிட்டது. ஹங்குல் வரி, கீழே உச்சரிப்பு, அதன் கீழே ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள். சொற்களுக்கு இடைவெளி விட்டு ஹங்குலை அச்சிட்டதும் அதில்தான் முதலில் என்பார்கள். ஒரே குறை, அந்தக் கொரியம் வடமேற்குப் பேச்சு. சொல்லிக்கொடுத்தவர் ஊர்ப் பேச்சு புத்தகத்துக்குள் வந்துவிட்டது.

இந்த அமைப்பு ஒற்றுமையைப் பார்த்து மயங்கியவர்களும் உண்டு. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-இல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கணமே எழுதினார். அம்மா, அப்பா என்பதற்கு அவர்கள் ‘ஒம்மா’, ‘அப்பா’ என்கிறார்கள் என்று கைபேசியில் சுற்றும் பட்டியல்களை இங்கே எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மொழியியலாளர்கள் இந்த உறவை ஏற்கவில்லை. உறவுக்காரர் என்று நினைக்காமல், வாக்கியத்தை நம்மைப் போலவே கட்டுகிறவர் என்று நினைத்தால் போதும், படிப்புக்கு அது தாராளம்.

யாருக்கான புத்தகம் என்பதையும் கேட்க வேண்டும். 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை வந்ததிலிருந்து, அந்த வட்டாரத்தில் கொரியரோடு ஒரே தளத்தில் வேலை பார்க்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களுக்கு விடுதி அறை கேட்கும் அத்தியாயம் எதற்கு? இலங்கையிலிருந்து 2004 முதல் வேலை அனுமதித் திட்டத்தில் கொரியாவுக்கு ஆட்கள் போகிறார்கள், அதற்குத் தனி மொழித் தேர்வும் அதற்கான பாடநூலும் இருக்கின்றன. கருவியின் பெயர், பாதுகாப்பு எச்சரிக்கை, கூடுதல் நேரம், சம்பளச் சீட்டு, தங்குமிடம் என்று அது போகிறது. ஆலையில் வேலை செய்யப்போகிற எவரும் சுற்றுலாக் கையேட்டைவிட அதைப் புரட்டுவது மேல். ‘டோபிக்’ என்ற கொரிய மொழித் திறன் தேர்வு எழுத நினைப்பவர்கள் கையேட்டையே நம்பக் கூடாது. முதல் நிலைத் தேர்வில் கேட்டலுக்கு 100, வாசிப்புக்கு 100 மதிப்பெண், பேச்சுக்கு ஒன்றும் இல்லை. ஆயத்த வாக்கியம் அங்கே விலை போகாது.

கைபேசி இருக்கும்போது புத்தகம் ஏன் என்று கேட்க நாலு பேர் காத்திருப்பது முகத்தில் தெரிகிறது. நேவர் நிறுவனத்தின் ‘பபாகோ’ செயலி கொரியத்துக்கு நன்றாக வேலை செய்கிறது. உணவுப் பட்டியலைப் படம் பிடித்தால் பொருள் சொல்லும். மரியாதை நடைக்கு ஒரு பொத்தான் கூட இருக்கிறது. பெயருக்கு எஸ்பெராண்டோவில் கிளி என்று பொருள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கல்லாவில் வரிசை நகரும்போது “போங்த்து பிரியோஹசெயோ?” என்று வந்து விழுகிற அரை நொடிக்குக் கைபேசியைப் பையிலிருந்து எடுக்க முடியாது. அந்த அரை நொடிக்குக் காது பழகியிருக்க வேண்டும். உயிர் போகிற விஷயங்களுக்கும் அப்படியே. தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் 119, காவலுக்கு 112, ஆங்கிலம் உட்படச் சில மொழிகளில் பயணிகளுக்கு உதவ 1330. இந்த மூன்று எண்ணும் கையேட்டின் உள்ளட்டையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஒன்றை வாங்கிவிட்டோமே என்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். ஹங்குல் எழுத்தும் ஒலிப்பதிவும் இருந்தால் மீதியைப் பென்சிலால் சரிக்கட்டலாம். ஒவ்வொரு கேள்விக்கும் பக்க ஓரத்தில் வரக்கூடிய இரண்டு பதில்களை எழுதுங்கள். ‘எங்கே’ என்ற கேள்விக்குப் பக்கத்தில் நேரே, வலது, இடது, எதிரே. ‘இருக்கா’வுக்குப் பக்கத்தில் “ஒப்ஸொயோ”, அதோடு “சம்ஷிமன்யோ”, கொஞ்சம் பொறுங்கள். எத்தனை பேர் என்ற கேள்விக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டு ஆள் கணக்கு, ‘ம்யொங்’ போட்டு. யாராவது ஒருவரை எதிரே உட்காரவைத்து அந்த ஓரத்தை வேகமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவருக்குக் கொரியம் தெரிய வேண்டியதில்லை, ஹங்குல் படிக்கத் தெரிந்தால் போதும்.

நூலகத்தில் இருந்த கொரியக் கையேடுகளை எல்லாம் அந்த நீள மேசையில் பரப்பி வைத்திருக்கிறார்கள். நன்றி சொல்லும் பக்கம், ‘நீங்கள்’ என்ற சொல், உணவகத்து அத்தியாயம், இந்த மூன்றை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் கேள்விகளை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.